டர்க்காய்ஸ் அவாண்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம். நாம் சேர்ந்து சரிசெய்த என் பழைய அவாண்டி கார் ஓடுகிறது. பிரேக் பிடிக்கிறது, ஏசி குளிர்கிறது, இண்டியானா நம்பர் பிளேட்டும் மாட்டியாகிவிட்டது. ஆங்கிலத்தில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக எழுதிவிட்டேன். ஆனால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று நம் ஆட்களுக்கும் தெரிய வேண்டும். நம் ஆட்கள் செய்ததும் கொஞ்சமில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

"அதென்ன கார், முன்பக்கம் கிரில்லே இல்லாமல்?" என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது 1963ஆம் வருட ஸ்டூடபேக்கர் அவாண்டி. காற்று பம்பருக்குக் கீழே இருந்து உள்ளே போகும். 1852இல் வண்டிப் பட்டறையாகத் தொடங்கிய ஸ்டூடபேக்கர், இண்டியானாவின் சவுத் பெண்ட் ஊர் நிறுவனம், கையில் காசு கரைந்துகொண்டிருந்த காலத்தில் துணிந்து இறக்கிய கார். 1961இல் நிறுவனத் தலைவர் ஷெர்வுட் எக்பர்ட் அவசரமாக ஒரு வடிவம் கேட்க, வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி மூன்று பேரை பாம் ஸ்பிரிங்ஸில் ஒரு வாடகை வீட்டில் உட்கார வைத்து வரையச் சொன்னார்: ஜான் எப்ஸ்டைன், பாப் ஆண்ட்ரூஸ், டாம் கெலாக். 1962 ஏப்ரலில் கார் மக்கள் முன் நின்றது. அதே வருடம் யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் 29 வேகச் சாதனைகளையும் முறித்தது. ஆனால் ஓஹாயோவின் ஆஷ்டபுலாவில் இருந்து வந்த ஃபைபர் (கண்ணாடி இழை) உடம்புப் பாகங்கள் சரியாகப் பொருந்தாமல் உற்பத்தி இழுத்துக்கொண்டே போனது. முன்பணம் கட்டியவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கார் வாங்கிக்கொண்டு போனார்கள். 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையை மூடுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. மொத்தம் செய்தது ஐயாயிரம்கூட இல்லை, 4,643 கார்கள்தான்.

அதில் ஒன்றுதான் என்னிடம் வந்தது, வந்தபோது இருந்த கோலம் உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தினால் சாத்தாது, சாத்திவிட்டால் திறக்காது.

கார் கிளப் பெரியவரே, அந்தக் கதவைப் பார்த்த மாத்திரத்தில் கீல் மேல் கை வைக்காமல் தரையில் படுத்துக் காரின் அடியைப் பார்த்தவர் நீங்கள். அவாண்டி உடம்பு ஃபைபர், அது துருப்பிடிக்காது என்று நினைத்துத்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் இரண்டு பக்கக் கதவுகளுக்கும் கீழே, அந்த ஃபைபரைத் தாங்கிப் பிடிப்பது தகட்டில் மடித்த இரும்புத் தொட்டிகள். இங்கே எல்லோரும் அதைப் பன்றித் தொட்டி என்றுதான் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். தொட்டி போனால் உடம்பு நடுவில் தொய்யும், கதவு இடிக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கழற்ற வேண்டும், உடம்புக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கதவு இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை ஏற்றி இறக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புதுத் தொட்டியைப் பொருத்த வேண்டும் என்று நின்று சொல்லிக் கொடுத்தீர்கள். அவசரப்பட்ட என்னைப் பலமுறை அதட்டினீர்கள். இப்போது கதவு ஒரே ஒரு 'டப்' சத்தத்தோடு சாத்துகிறது. மற்ற வேலை எதுவுமே நடக்காமல் இது மட்டும் நடந்திருந்தாலும் உங்களுக்கு இந்த மடல் வந்திருக்கும்.

ஏரிக்கரையில் படகு ரிப்பேர் செய்யும் தம்பி, கார் பட்டறைகள் எல்லாம் "ஃபைபரா? வேண்டாம்" என்று கையை விரித்தபோது நீதான் சிரித்தாய். விரிசலின் மேல் பட்டி பூசி மறைத்தால் அடுத்த கோடையில் அதே கோடு திரும்ப வரும் என்று சொல்லி, ஒவ்வொரு விரிசலையும் அடிவரை தேய்த்துத் திறந்து, பின்பக்கமிருந்து கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் வைத்து அடைத்தாய். பெயிண்ட் உரிக்கும் ரசாயனத்தைக் கிட்டவே சேர்க்கவில்லை, எல்லாம் கைத்தேய்ப்புதான். அந்த டர்க்காய்ஸ் (நீலப்பச்சை) நிறம் 1963இல் தொழிற்சாலை கொடுத்த நிறமேதான். "கறுப்பு அடி, கெத்தா இருக்கும்" என்றவர்களுக்கு என் அன்பு மட்டும்.

அடுத்தது எஞ்சின் விவகாரம். நம் வாட்ஸ்அப் குழுவில் இதை வைத்து எவ்வளவு சண்டை! புது ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வி8 எஞ்சின் போட்டுவிடலாம், எடை குறையும், பவர் கூடும் என்று பாதிப் பேர். அதில் நியாயமும் இருந்தது. ஸ்டூடபேக்கர் கைவிட்ட பிறகு அதே காரை அவாண்டி டூ என்று தொடர்ந்து செய்த நேட் ஆல்ட்மேனும் லியோ நியூமேனுமே ஜிஎம்மின் செவர்லே எஞ்சின்தான் வைத்தார்கள். கிளப் பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த 289 கன அங்குல எஞ்சினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பல்சக்கரம். அறுந்துபோக டைமிங் செயினே கிடையாது. இதையா தூக்கி எறிவாய்?" என்று கேட்டார். எஞ்சின் அப்படியே இருக்கிறது, 240 குதிரைசக்தி எனக்குப் போதும். மாற்றச் சொன்னவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வேலை முழுக்க எனக்கு அதிகம் உதவியது "வேண்டாம்" என்று சொன்னவர்கள்தான்.

பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட விதி இதுதான்: உயிருக்கு ஆபத்தானதை மாற்றலாம், உட்கார முடியாததை மாற்றலாம், எதை மாற்றினாலும் பழையபடி திருப்ப முடிய வேண்டும். அதனால் முதலில் பிரேக். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு வந்த கார் என்று 1963இல் இது பெருமை பேசியது. ஆனால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் கிடையாது. இரட்டைச் சுற்று சிலிண்டர் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, குழாய்களைத் தானே வளைத்துக் கொடுத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் போடக் கூடாது என்று உத்தரவு. அண்ணே, என் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இந்தக் காரில் ஏறுவது உங்களால்தான். கூரைக்குள் கம்பெனியே வைத்த இரும்பு வளைவில் மூன்று முனை சீட் பெல்ட்டைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்ததும் அவரே.

ஓவர்டிரைவ் உள்ள கியர் பாக்ஸ் போட்டதில் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடிய இடத்தில் இப்போது 2,100. பழைய கியர் பாக்ஸ் எண்ணெய் தடவி மூலையில் பத்திரமாக இருக்கிறது.

கோயம்புத்தூர் மாமா, உங்களுக்கு ஒரு பத்தி போதாது. புது ஏசி கம்ப்ரசரை அந்தப் பழைய எஞ்சினில் உட்கார வைக்க இங்கே தாங்கி (பிராக்கெட்) கிடைக்கவில்லை, செய்து கொடுப்பவர் சொன்ன விலையில் இன்னொரு கார் வாங்கலாம். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, "அளவு இஞ்சா, மில்லியா? ரெண்டையும் கலக்காதே கண்ணு" என்று தொடங்கினீர்கள். பெல்ட் கோடு நேராக வர வேண்டும் என்று அட்டையில் வெட்டிப் பார்க்கச் சொன்னீர்கள், அட்டை பொருந்திய பிறகுதான் கோவை கணபதி பகுதியில் உங்கள் லேத்தில் வேலையே தொடங்கியது. பார்சலில் வந்த தாங்கி முதல் தடவையே உட்கார்ந்தது. கிளப் பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, செய்தவருக்கு இன்னும் ஆர்டர் எடுக்க நேரம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

ஃபோர்ட் வேன் ஊர் நண்பா, ஒயரிங் உன்னுடையது. விளக்கு ஸ்விட்சுகளை விமானம் மாதிரி கண்ணாடிக்கு மேலே கூரையில் வைத்திருக்கிறார்கள், முழு மின்சாரமும் அதன் வழியாகவே போகிறது என்று பார்த்ததும் உனக்கு வியர்த்தது. ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் ஸ்விட்ச்) போட்டு அந்தச் சுமையை இறக்கினாய். ஸ்விட்ச் அதே ஸ்விட்ச், அதே இடம். போன் சார்ஜ் செய்யும் முனையை வெளியே தெரியாமல் எங்கே ஒளித்து வைத்தாய் என்று நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை.

அறுபது வருடமாக உதிரிப் பாகங்களைக் குப்பையில் போடாமல் அட்டைப் பெட்டியில் எண் ஒட்டிக் காத்து வைத்திருக்கும் முகம் தெரியாத மனிதர்களுக்கும், சவுத் பெண்ட் ஸ்டூடபேக்கர் அருங்காட்சியகத்தில் என் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நன்றி. வீட்டு ஆட்களுக்குத் தனியாகப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாயிற்று. அதற்கு மேல் இங்கே எழுதினால் நடிப்பு என்பார்கள்.

ஒரு சுற்றுப் போக விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை வாருங்கள். பின் சீட்டில் உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். அப்புறம், பிரேக் அண்ணே, உங்கள் டார்க் ரெஞ்ச் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வரும்போது மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அவாண்டிக்காரன்