பேரனுக்கு அந்த ஊசியைப் போட்டுவிடு

எம்மா வள்ளி,

பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தைப் படம் பிடித்து அனுப்பி, ஆம்பளப் பையனுக்கு எதுக்குப்பா கர்ப்பப்பைப் புற்றுநோய் ஊசி என்று கேட்டிருந்தாய். இங்கே அம்பாசமுத்திரத்தில் நம்ம மருந்துக்கடைக்கு வருகிறவர்களும் அதைப் பொம்பளப் பிள்ளைகள் ஊசி என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் அந்த ஊசி தடுக்கிற ஹெச்.பி.வி. வைரஸ் ஆண் பெண் பார்க்காது. கர்ப்பப்பை வாயைக் கெடுக்கிற அந்த வைரஸின் அதே 16ஆம் வகைதான் தொண்டையில் டான்சிலிலும் நாக்கின் பின்பக்க வேரிலும் போய் உட்காருகிறது. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே துரத்திவிடும். தங்கிவிட்டால்தான் வம்பு, செல் தறிகெட்டுப் பெருகாமல் காவல் காக்கிற புரதங்களை அது முடக்கிப்போட்டு, எத்தனையோ வருடம் கழித்துப் புற்றுநோயாகி, கழுத்தில் வலியே இல்லாத கட்டியாகத் தலைகாட்டும்.

தொண்டைக்கு எப்படிப் பரவும் என்றால், பெரும்பாலும் வாய்வழி உறவில். அப்பா இதை எழுதுகிறாரே என்று கூசாதே, கடையில் இதைவிட எவ்வளவோ கேட்டாயிற்று. நம்ம தெருவில் வெற்றிலை, பீடி எதையும் தொடாத ஒருவருக்கு டான்சிலில் புற்றுநோய் வந்தபோது ஊர் என்னென்ன பேசியது! எந்தக் காலத்தில் யாரிடமிருந்து தொற்றியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இந்த வகைக்கு சிகிச்சை நன்றாகவே பலன் தரும், அதை மட்டும் ஒருத்தரும் பேசவில்லை.

ஏற்கனவே வந்த தொற்றை ஊசி போக்காது, அதனால்தான் 12, 13 வயதிலேயே போடுகிறார்கள். உங்கள் இங்கிலாந்தில் பெண்பிள்ளைகளுக்கு 2008இல் ஆரம்பித்து 2019இல் பையன்களையும் சேர்த்தார்கள், 2023இலிருந்து ஒரே ஊசிதான், அதுவும் இலவசம். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அப்புறம் மாப்பிள்ளை விஷயம். போயிலை இல்லாத வெறும் பாக்குதானே மாமா என்று போன தடவை சிரித்தார். நம்ம பக்கம் கன்னத்திலும் ஈறிலும் வருகிற புற்றுநோய்க்குப் பெரும்பாலும் போயிலையும் பாக்கும்தான் காரணம், வைரஸ் இல்லை, அதற்கு இந்த ஊசி உதவாது. போயிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே சொல்லிவிட்டது. பாக்கு மென்று மென்று கன்னம் உள்ளே இறுகி வாய் திறக்க முடியாமல் போனவர்கள் நம்ம ஊரில் உண்டு. அவரை வாயை அகலத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலையே ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி நுழைக்கச் சொல். நுழையவில்லை என்றால் உடனே பல் டாக்டரிடம் கூட்டிப்போ, எனக்கும் போன் போடு.

அப்பா