தம்பிக்கு, படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரியில்

அன்புள்ள தம்பி,

மணி பன்னிரண்டரை ஆகிறது, அப்பா தூங்கிவிட்டார். காலையில் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றால் போனில் நமக்குள் இதெல்லாம் வராது, "சாப்பிட்டியா", "சாப்பிட்டேம்மா" என்பதோடு முடிந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

இன்று நாங்கள் நாலு டீச்சரும் ராத்திரிக் காட்சிக்குப் போனோம். இன்சைட் அவுட் 2. கணக்கு டீச்சரின் மகள்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். 2015-இல் முதல் படம் வந்தபோது நீ ஒன்பதாவது. "வாம்மா, போலாம்மா" என்று இரண்டு நாள் கூப்பிட்டாய், பள்ளிக்கூடம் திறந்த நேரம், பொம்மைப் படத்துக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்று தியேட்டர் விளக்கு அணைந்ததும் முதலில் அதுதான் ஞாபகம் வந்தது.

ரைலி என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை, மூன்று நாள் ஐஸ் ஹாக்கி முகாமுக்குப் போகிறாள். கூட வரும் இரண்டு தோழிகளும் அடுத்த வருடம் வேறு பள்ளிக்கூடத்தில் சேரப்போகிறார்கள். அவள் தலைக்குள்ளே மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து பேர் ஏற்கெனவே இருக்க, புதிதாகக் கை நிறையப் பெட்டிகளோடு ஆரஞ்சு நிறத்தில் பதற்றம் வந்து இறங்குகிறது, அதோடு பொறாமை, கூச்சம், சலிப்பு. எனக்கு மெய்ப்பாட்டியல், அதுதான் தொல்காப்பியத்தில் மனசில் இருப்பது உடம்பில் தெரிவதைச் சொல்லும் பகுதி, அந்தப் பாடம் நடத்துகிற மாதிரியே இருந்தது. தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாட்டில் உவகை, அழுகை, வெகுளி, அச்சம், இளிவரல் என்று அந்த ஐந்தும் இருக்கின்றன. அப்புறம் இன்னொரு 32 சொல்கிறார், அதில் பொறாமை உண்டு, நாணுதல் உண்டு. நடுக்கு உண்டு, வியர்த்தல் உண்டு.

படத்தில் ஒரு காட்சி. ராத்திரி அந்தப் பிள்ளை தூங்காமல் கிடக்கிறாள், உள்ளே பதற்றம் வரிசையாக மேசை போட்டு ஆட்களை உட்காரவைத்து, நாளைக்கு என்னென்ன தப்பாகப் போகும் என்று படம் படமாக வரைய வைக்கிறது. அது கெட்டது செய்ய நினைக்கவே இல்லை தம்பி, பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அவ்வளவும் செய்கிறது. கடைசியில் ஆட்டத்தில் தன் தோழி மேலேயே மோதி, இரண்டு நிமிடம் வெளியே உட்காரவைத்துவிடுகிறார்கள் (அது பெனால்டி என்று பி.டி. டீச்சர் காதில் சொன்னாள்), அங்கே அவளுக்கு மூச்சு முட்டுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. உள்ளே பதற்றம் சூறாவளியாகச் சுற்றிச் சுற்றி, நடுவில் அசையாமல் நிற்கிறது, கண்ணில் நீர். நிறுத்த அதற்கே தெரியவில்லை.

நான் பார்த்தது உன்னைத்தான்.

2019 மார்ச், பிளஸ் டூ பிசிக்ஸ் பரீட்சை. காலையில் பாத்ரூமுக்குள் போய் நீ வெகுநேரம் வெளியே வரவில்லை. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்த கை, அந்த மதுரை வெயிலில், ஐஸ் மாதிரி இருந்தது. கேட் முன்னால் இறங்கி, "அம்மா, மூச்சு விட முடியலம்மா" என்றாய். "இதுக்குப் போய் இப்படியா? தண்ணி குடி, எல்லாம் சரியாயிரும், எத்தனை பிள்ளைங்க எழுதுது பாரு" என்று சொல்லி ஹால் டிக்கெட்டை உன் கையில் திணித்து அனுப்பினேன். திரும்பி வரும்போது ரவிக்கைத் தோளில் உன் உள்ளங்கை அளவுக்கு ஈரம். நடுக்கு, வியர்த்தல் என்று கரும்பலகையில் வருடா வருடம் எழுதிப் போட்டவள், பெற்ற பிள்ளையிடம் அதைப் பார்த்துவிட்டு, பிள்ளை சரியாகப் படிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தப்புப் பண்ணிவிட்டேன் தம்பி. அன்றைக்கு ஐந்து நிமிடம் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

படம் முடிந்து விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போனோம். மற்ற மூவரும் சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துக் கணக்கு டீச்சர், "என் பெரியவளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, நான் திட்டித்தான் அனுப்பினேன்" என்றாள். அவளிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அப்புறம் வெகுநேரம் நாங்கள் இருவரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றோம்.

படத்தின் முடிவில் பதற்றத்தைத் துரத்திவிடவில்லை, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

புது வேலை, புது ஊர், உனக்கு இப்போதும் அப்படி வருகிறதா? மீட்டிங்குக்கு முன்னால் கை ஜில்லென்று ஆகிறதா? எழுத முடிந்தால் எழுது. முடியவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணி ஆனாலும் போன் பண்ணு, நீ ஒன்றும் பேச வேண்டாம், தண்ணி குடி என்று நானும் சொல்ல மாட்டேன். உன் மூச்சு சீராகிற வரைக்கும் லைனிலேயே இருக்கிறேன்.

அம்மா