லினக்ஸா, க்னூ/லினக்ஸா?

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் வெள்ளாமை வெட்டு முடிந்து எல்லாரும் ஆறுதலாக இருக்கிறீர்கள் போல. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துப் பழைய கொம்பியூட்டர்களில் டெபியன் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறாய், பிள்ளைகளுக்கான குறிப்பில் லினக்ஸ் என்று எழுதுவதா, க்னூ/லினக்ஸ் என்று எழுதுவதா என்று கேட்கிறாய். பேச்சில் எதையும் சொல்லு, எழுத்தில் க்னூவை விட்டுவிடாதே.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் க்னூவை அறிவித்தபோதே முழு இயங்குதளம் ஒன்றைச் செய்வதுதான் நோக்கம். யுனிக்ஸ் மாதிரி, ஆனால் யாரும் திறந்து பார்த்து, மாற்றி, பகிரக்கூடியது. எழுத்தைத் தொகுக்க ஈமாக்ஸ், நிரலை மெசினுக்குப் புரியும்படி மாற்ற ஜிசிசி கம்பைலர், கட்டளைகளை வாங்கி ஓட்ட பாஷ் என்று ஒவ்வொன்றாக வந்துவிட்டன. வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் மையப்பகுதியான கர்னல், ஹேர்ட் என்ற அவர்களுடையது மட்டும் இழுபட்டுக்கொண்டே போனது. 1991இல் ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டொர்வால்ட்ஸ் ஒரு கர்னலை எழுதி வெளியிட்டார், அதுதான் லினக்ஸ், குறை தீர்ந்தது. அண்ணாவியார் மாதக்கணக்காய்ப் பழக்கி, உடுப்பும் மத்தளமும் களரியும் ஆயத்தமான பிறகு வந்து சேர்ந்த ஒரு கூத்தரின் பெயரில் கூத்து முழுவதும் போன கதைதான்.

லினஸிலும் பிழை சொல்ல ஏலாது. அவர் நினைத்திருந்த பெயர் ஃப்ரீக்ஸ். சேர்வரில் இடம் கொடுத்த ஆரி லெம்கேக்கு அது பிடிக்கவில்லை, ஃபோல்டருக்கு லினக்ஸ் என்று போட்டுவிட்டார். அதுவே நின்றது.

டெர்மினலைத் திறந்து யூநேம் (uname) என்று அடித்துப் பார். லினக்ஸ் என்று பதில் வரும். கூடவே ஒரு சிறு கோடும் ஓ எழுத்தும் சேர்த்தால் (uname -o) க்னூ/லினக்ஸ் என்று வரும். வேடிக்கை என்னவென்றால், முதலில் லினக்ஸ் என்று பதில் சொன்ன அந்த நிரலே க்னூக்காரர் எழுதியது!

அப்படியென்றால் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ், கேடிஈ இவற்றின் பெயர்களையும் சேர்க்கவேண்டாமா என்று கேட்பாய். நியாயமான கேள்விதான், க்னூ பக்கத்தாரிடம் இதற்கு முழுத் திருப்தியான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என்னை இழுத்தது வேறு விசயம். உன் சட்டைப்பையில் இருக்கும் அன்ட்ரொயிட் போனிலும் லினக்ஸ் கர்னல்தான் ஓடுகிறது, ஆனால் அதன் சி நூலகம், அதாவது நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படைத் தொகுப்பு, க்னூவுடையதல்ல, கூகுளின் பயோனிக். அல்பைன் என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தில் மசல் என்ற சி நூலகமும் பிஸிபொக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பும். இவற்றையும் டெபியனையும் ஒரே பெயரால் சொன்னால் பிள்ளைகள் குழம்பத்தானே செய்வார்கள்? ஆக, க்னூ என்ற சொல் நன்றிக்கடனுக்காக மட்டும் அல்ல, உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் அது சொல்கிறது.

இனி அதுவும் மங்கலாகலாம். 2025 ஒக்டோபரில் வந்த உபுண்டு 25.10 என்ற லினக்ஸ் பதிப்பு, க்னூவின் கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலாக ரஸ்ட் மொழியில் எழுதியவற்றை வைத்திருக்கிறது. அதன் சி நூலகமான ஜிலிப்சி இன்னும் க்னூதான். இதை ஏ.எல். பிள்ளைகளுக்கு விட்டுவை, சின்னவர்களுக்கு வேண்டாம்.

உனக்கோ வேலை சுலபம். மெசினைப் போட்டதும் வரும் பட்டியலிலேயே டெபியன் க்னூ/லினக்ஸ் என்றுதான் இருக்கும், அதை அப்படியே எழுதிவிடு. இயன் மர்டொக் 1993இல் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டித்தான் டெபியன் என்று வைத்தார் என்பதையும் சொல், பின்வாங்கில் இருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான்.

குறிப்பை அச்சடிக்கமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்