காசு கட்ட முதல் ஒருக்கால் கீழே பார்

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைக்கிற பழைய வானின் எட்டுப் படத்தையும் பார்த்தேன். 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன், மேலே வெள்ளை, கீழே செம்மஞ்சள், உள்ளே பூப்போட்ட திரைச்சீலை, மூலையில் சின்னக் குசினி. வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்திலாவது வானின் அடிப்பக்கம் இல்லை, துருப் பிடிப்பது அங்கேதான், அதனால்தான் நேற்றுப் போனில் கத்திவிட்டேன், நீயும் கோபத்தில் வைத்துவிட்டாய். சரி, இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

போன செப்டெம்பர் இங்கிலாந்தின் மால்வேர்னில் நடந்த பஸ்ஃபெஸ்டுக்கு, அதுதான் ஃபோக்ஸ்வாகன் வான்களின் திருவிழாவுக்கு, நான் போனது தெரியும்தானே. மலையடிவாரத்து மைதானம் முழுக்க வான்தான். முன்கண்ணாடி நடுவில் பிரிந்த ஸ்பிளிட் 1967 வரை வந்தது, பிறகு உன்னுடையதைப் போல ஒற்றைக் கண்ணாடி பே, 1979க்குப் பிறகு பெட்டி மாதிரி ரி25. ஆளாளுக்கு கதிரை போட்டு, கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, பின்மூடியைத் திறந்து என்ஜினைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் சுபாரு என்ஜின் பூட்டியிருந்தார், இன்னொருவர் என்ஜினையே கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டுகிறார், பக்கத்தில் நின்ற பழைய ஆட்களுக்கு முகம் சுருங்கிப்போனது. எனக்குப் பிடித்தது ஒரு கிழவரின் வான். ஏதோ பேக்கரியின் பெயர் பாதி அழிந்துபோய் பக்கவாட்டில் இன்னும் தெரிகிறது, அதன்மேல் பெயின்ற் அடிக்கவே மாட்டேன் என்று நிற்கிறார். திரைச்சீலையைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள், வாங்குகிற யோசனையோடு வந்தவர்கள் மட்டும் அடிப்பக்கம் பார்க்கக் கோட்டைக் கழற்றிப் புல்லில் விரித்துப் படுத்துவிடுவார்கள்.

எம்ஓடி, அதுதான் வண்டி ஓடத் தகுதியா என்று வருடாவருடம் பார்க்கும் பரிசோதனை, தேவையில்லை என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருந்தாய். உண்மைதான், பெரிதாக மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018இலிருந்து அது கட்டாயமில்லை. எனக்குப் பயமே அதில்தான். எத்தனை வருடமாக ஒருவரும் கீழே பார்க்கவில்லையோ! நான் என் வானை வாங்கியபோது பட்டது மறந்துவிட்டதா? புதுப் பெயின்றில் மினுங்கிக்கொண்டு வந்தது, ஆறு மாதத்தில் சக்கர வளைவில் ஒரு கொப்புளம், ஸ்குரூட்ரைவர் பிடியால் மெல்லத் தட்டினேன், ஓட்டையை மூட அப்பியிருந்த பட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கழன்று விழுந்தது. தகரம் இருக்கவேண்டிய இடத்தில் பழைய பேப்பர் மடித்து வைத்திருந்தார்கள்.

அதனால் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போ. சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் தகரம், கூரையைச் சுற்றிய பீலி, பற்றரி இருக்கும் தட்டு, எல்லா இடத்திலும் வைத்துப் பார். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை. என்ஜினை உனக்கு முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல், ஆனால் அதற்கு முதல் தொட்டுப் பார், சூடாக இருந்தால் நீ வரமுதலே ஒருக்கால் ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

மற்றது பெற்றோல் ரியூப். இதை விளையாட்டாக எடுக்காதே. 2021இலிருந்து பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோல் ஈ10தான், அதாவது பத்து வீதம் வரை எதனோல் கலந்தது, அந்த எதனோல் பழைய ரப்பரை அரித்துவிடும். இந்த வான்களுக்கு என்ஜின் பின்னால், ரியூப் கசிந்தால் சொட்டுவது சூட்டின் மேலே. என்ஜின் கூட்டில் மக்னீசியக் கலவை இருக்கிறது, ஒருமுறை பற்றிக்கொண்டால் அணைப்பது லேசில்லை. வாங்கினால் முதல் வேலையாக அத்தனை ரியூப்பையும் கிளிப்பையும் மாற்றுகிறோம், திரைச்சீலையெல்லாம் பிறகு.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத நேரம் உன் அப்பப்பா தன் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், தெருவெல்லாம் புகை. தினமும் காலையில் தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை ரியூப்பை இரண்டு விரலால் தடவிக்கொண்டே போய், கடைசியில் விரலை மணந்து பார்ப்பார். ஈரம் பட்டால் அன்றைக்குக் கார் வெளிக்கிடாது, யார் கூப்பிட்டாலும்.

நீ சொன்ன ஸ்கொட்லாந்துப் பயணத்தில் ஆப்பிள்கிராஸ் போகும் வழியில் பியலாக் நா பா ஏற்றம் இருக்கிறது, 626 மீற்றர் உயரம். உன் வானில் 1600 சிசி என்ஜின் என்றால் ஏறக்குறைய 50 குதிரை வலுதான். முக்கி முக்கி ஏறும், பின்னால் வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுப் போகலாம். இறக்கத்துக்கு பிரேக் சரியாக இருக்கவேண்டும், அதுதான் எனக்கு யோசனை.

சனிக்கிழமை நான் ரயிலில் வருகிறேன், நான் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதே. அம்மா இப்போதே திரைச்சீலைத் துணி பார்க்கத் தொடங்கிவிட்டா, ஜன்னல் அளவு எடுத்து அனுப்பட்டாம். அளக்கிற நேரம் அப்படியே ரியூப்பையும் ஒருக்கால் தடவிப் பார்.

அப்பா