சிவப்பு பட்டனை அமுக்காதே, அம்மிணி

பெருந்துறை

அம்மிணி,

வீட்டைச் சூடாக்கற எண்ணெய் பாய்லரை எடுத்து நீ அனுப்பின வீடியோ பார்த்தேன். பர்னர் மோட்டார் ஓடுது, அரை நிமிஷங்கூட ஆகலை, நின்னு போகுது. அதைக் கிளப்ப நீ மறுபடி மறுபடி சிவப்பு ரீசெட் பட்டனை அமுக்கறே. முதல்ல அதை நிறுத்து. ஒரு தடவை அமுக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் உள்ள போய்ச் சேருது. ஆறாவது தடவை பொறி பிடிச்சுதுன்னா சேர்ந்தது அத்தனையும் ஒண்ணாப் பத்திக்கும். வீடு பூராக் கரி.

எந்தக் கட்டத்துல நிக்குதுன்னு பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும். திருப்பூர் சாயப்பட்டறை பர்னருக்கும் அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல உன் வீட்டு பர்னருக்கும் அளவுதான் வித்தியாசம்.

மோட்டாரே ஓடலைன்னா நிலவறைப் படிக்கு மேல சிவப்புத் தகடு போட்ட சுவிட்ச்சைப் பாரு. லைட்டுன்னு நினைச்சு யாராவது அணைச்சிருப்பாங்க. அப்பறம் ஃபியூஸ், தெர்மோஸ்டாட்.

மோட்டார் ஓடியும் தீயே வரலைன்னா எண்ணெய் வரலை, இல்லைன்னா பொறி இல்லை. நான் முதல்ல சந்தேகப்படறது எண்ணெயைத்தான். டேங்க் மேல இருக்கற மிதவை சிக்கிக்கிட்டா பொய் சொல்லும். கைமுட்டியால மேலிருந்து கீழ தட்டிக்கிட்டே வா. சத்தம் மாறற எடம்தான் மட்டம். காலின்னா எண்ணெய் வண்டி வர்ற வரைக்கும் பங்க்ல 5 கேலன் டீசல் வாங்கி ஊத்தலாம், மஞ்சக் கேன்ல. சிவப்புக் கேன் பெட்ரோலுக்கு. அது ஒரு சொட்டுக்கூட உள்ள போகக் கூடாது. ஊத்தும்போது பர்னர் ஆஃப்ல இருக்கட்டும். அடியில கிடக்கற சகதி கலங்கும், ஒரு மணி நேரம் தெளிய விடு. டேங்க் வெளிய பொடக்காளியில இருந்தா இன்னொண்ணு: மார்கழியில தேங்காயெண்ணெய் உறையற மாதிரி கடுங்குளிர்ல இந்த எண்ணெயும் கெட்டியாகி ஃபில்டரை அடைச்சுக்கும். அதுக்குத்தான் மண்ணெண்ணெய் கலந்து வாங்கறது.

டேங்க் காலியானதுன்னா எண்ணெய் ஊத்தினா மட்டும் பத்தாது, குழாய்ல பூந்த காத்தையும் வெளிய எடுக்கணும். தோட்டத்து டீசல் இஞ்சினுக்கு எடுக்கற அதே வேலைதான். பம்ப் பக்கவாட்டுல சின்ன நிப்பிள் இருக்கும். அதுல உள்ள தெரியற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு டப்பாவுக்குள்ள விடு. 3/8 ஸ்பேனர்ல நிப்பிளை அரைச் சுத்து தளர்த்திட்டு பட்டனை அமுக்கு. இந்த அமுக்கல்ல எண்ணெய் டப்பாவுக்குத்தான் போகும், அதனால பயமில்லை. முதல்ல நுரையாத் துப்பும். காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம கம்பி மாதிரி ஓடினதும், மோட்டார் ஓடும்போதே இறுக்கு. அப்பவே குப்புனு பத்தும். நுரை நிக்கவே இல்லைன்னா எங்கியோ ஜாயிண்ட்ல காத்து இழுக்குது. அது மெக்கானிக் வேலை. பம்புல இருந்து டேங்குக்குத் திரும்பற ரெண்டாவது குழாய் இருந்தா இந்தப் பாடே இல்லை, காத்தைத் தானே தள்ளிக்கும்.

தீ நல்லாப் பத்தி, கொஞ்ச நேரத்துல அணையுதுன்னா பர்னரோட கண்ணு அழுக்கு. தீ எரியுதான்னு பார்க்கற போட்டோ செல் அது. கரண்டை நிறுத்திட்டு மெல்லிசுத் துணியால துடை. ஆனா கண்ணுல கரி ஏன் படிஞ்சதுன்னு கேக்கணுமில்ல? தீ பொகையுது. எண்ணெயைத் தூவற நாசில் தேய்ஞ்சிருக்கும், இல்லைன்னா காத்து பத்தலை. துடைச்சா ஒரு வாரம் ஓடும், மறுபடி நிக்கும்.

நாசிலை நீ தொடாதே. பம்ப் ஸ்டவ்வுக்கு ஊசி குத்தற பழக்கத்துல இதுல குத்திடாதே, துவாரம் கெட்டு எண்ணெய் ஒருபக்கமாத் தூவும். 0.85, 80 டிகிரிங்கற மாதிரி, மணிக்கு எத்தனை கேலன், எந்தக் கோணத்துல தூவும்னு நாசில் மேலயே எழுதியிருக்கும். எழுதினது எதுவோ அதுதான் திரும்பப் போடணும். மெக்கானிக் வந்தா நாசில், ஃபில்டர், பம்ப் வலை மூணையும் மாத்தச் சொல்லு. மாத்தின பொறவு பொகை டெஸ்ட் எடுக்காமப் போக விடாதே.

தண்ணிப் பக்கம் பெருசா ஒண்ணுமில்லை. பாய்லர் ஆறி இருக்கறப்ப பிரஷர் கேஜ் 12ல இருந்து 15 பிஎஸ்ஐ காட்டினாச் சரி.

ராத்திரிக்குள்ள பத்தலைன்னா வெளிச்சுவர் ஓரமா இருக்கற குழாய்களைச் சொட்ட விடு, இல்லைன்னா உறைஞ்சு வெடிச்சுடும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தோட பேட்டரியை இப்பவே பாரு. அது கத்தினா எதையும் நோண்டாம மாப்பிள்ளையையும் குழந்தையையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்துடு.

மெக்கானிக் கழட்டறப்ப நாசில் நம்பரை போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா