போர்டுக்கு ஒரு வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. மேஜை டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும், நாளைக்கு எழுதலாம் என்று மூடிவிடுவேன். மன்னித்துக்கொள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியவளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும், என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லாரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெட்டையனும் நானும் சேர்ந்து மனை, வீடு முடித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கிவிட்டோம். நீ சிரிப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி. ஆபீசுக்கு இடம் பிடித்தாயிற்று, பெயர் வைத்தாயிற்று, நாற்காலிகூட வந்துவிட்டது. போர்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியால் மூன்று வாரமாக எனக்கும் அவனுக்கும் ஒழுங்கான பேச்சே இல்லை.

நெட்டையன் முதல் நாளே ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வந்தான். 'கனவு இல்லத்தின் முகவரி', 'புதிய வாழ்வின் விடியல்', 'நம்பிக்கையின் மறுபெயர்' என்று வரிசையாக இருந்தது. உனக்குத்தான் அவன் கையெழுத்து தெரியுமே, அத்தனையையும் சுழித்துச் சுழித்து அழகாக எழுதியிருந்தான். நான் எங்கள் பெயரைக் கையால் மறைத்துவிட்டு, ஒரு நகைக்கடைப் பெயரை மேலே வைத்து வாசித்துப் பார்த்தேன். 'விடியல்' அப்படியே பொருந்தியது. பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தியது, கண் ஆஸ்பத்திரிக்கு இன்னும் நன்றாகவே பொருந்தியது. அப்புறம் இன்னொன்று கேட்டேன்: இதற்கு எதிர்மாறாக யாராவது போர்டு வைப்பார்களா? 'எங்களை நம்பாதீர்கள்' என்று எவன் எழுதப்போகிறான்? யாருமே மறுத்துச் சொல்லமுடியாத வரியில் சேதி என்று ஒன்றும் இல்லை என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்குத் தனியாகவே டீ குடிக்கப் போனான்.

'நம்பிக்கையின் மறுபெயர்' மட்டும் எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். அப்பா கடைசியாக வாங்கிய மனையை அவருக்கு முடித்துக் கொடுத்தவரின் போர்டில் இருந்ததும் ஏறத்தாழ அதே வரிதான். பத்திரம் சரியாக இருந்தது, அளவு சரியாக இருந்தது. மனைக்குப் போகிற பாதை மட்டும் அடுத்தவருக்குச் சொந்தம். தரகருக்கு அது முன்பே தெரியும். வேலி போட்ட அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வரைபடத்தை மட்டும் சாகிறவரை தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். நீதான் அதை எடுத்து என் கையில் கொடுத்தாய். இந்தத் தொழிலுக்கு நான் வரத் தயங்கியதும் அதனால்தான், கடைசியில் வந்ததும் அதனால்தான்.

போன மாதம் ஓர் அம்மா வந்தார். ஒரு வீட்டைக் காட்டினோம். சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லதெல்லாம் சொல்லிட்டீங்க, இதுல என்ன குறை?" என்று கேட்டார். நெட்டையன் என்னைப் பார்த்தான். பின்பக்கச் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், மேற்கு ஜன்னலைத் திறந்தால் பட்டறைச் சத்தம் வரும், பத்திரத்தில் ஒரு வாரிசு இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அது வந்தபிறகுதான் அட்வான்ஸ் கொடுங்கள் என்று சொன்னேன். அவர் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டார். "வந்த பார்ட்டியை விரட்டிட்டே" என்றான் நெட்டையன். பத்து நாள் கழித்து அந்த அம்மா தம்பியோடு திரும்பி வந்தார். அந்த வீடு வேண்டாம், வேறு காட்டுங்கள், ஆனால் நீங்கள்தான் காட்ட வேண்டும் என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. எழுந்து உட்கார்ந்து எழுதினேன்: 'குறையை முதலில் சொல்வோம்.'

மூன்றே சொல். நெட்டையனிடம் காட்டினால் துள்ளிக் குதித்துவிட்டான், சந்தோஷத்தில் இல்லை. கடை வாசலில் 'குறை' என்று எழுதி வைத்தால் எவன் உள்ளே வருவான் என்கிறான். அவன் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அதற்காகவே தேடித் தேடிப் படித்தேன். 1962-ல் அமெரிக்காவில் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம், நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், அதனால் கூடுதலாக முயல்கிறோம் என்று விளம்பரம் செய்தது. எழுதியவர் அவர்களுக்கு விளம்பரம் செய்து கொடுத்த நிறுவனத்தில் இருந்த பாலா கிரீன் என்ற பெண். பல வருஷம் நஷ்டத்தில் கிடந்த கம்பெனி, ஒரு வருஷத்துக்குள் லாபம் பார்த்தது. அந்த வரியை ஐம்பது வருஷம் வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1959-ல், அதே விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் காருக்கு 'சிறியதாக நினையுங்கள்' என்று எழுதியது. பெரிய காருக்குத்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில், காரின் சின்ன உருவத்தையே முன்னால் வைத்தார்கள். தனக்குப் பாதகமானதை ஒருவன் தானாகவே சொன்னால், அடுத்து அவன் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்கிறோம். அந்த அம்மா திரும்பி வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன், 'வைரம் என்றென்றைக்கும்' என்ற பொருளில் வரும், டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் வரி. 1947-ல் பிரான்சஸ் கெரெட்டி எழுதியது. அழகான வரி, மறுக்கவில்லை. ஆனால் நிலம் விற்கிறவன் அதைப் பார்த்து எழுதக்கூடாது என்று தோன்றியது. 'என்றென்றைக்கும்' என்பதை யார் வந்து சரிபார்ப்பது? எங்கள் வரியை முதல் ஆளே, முதல் பத்து நிமிஷத்திலேயே சரிபார்த்துவிடலாம். குறையை முதலில் சொன்னோமா, இல்லையா. அவ்வளவுதான்.

இப்போது உன்னிடம் வருகிறேன். நெட்டையன் ஒரு படி இறங்கி வந்து, 'நிறையும் சொல்வோம், குறையும் சொல்வோம்' என்று மாற்றியிருக்கிறான். நிறை, குறை என்று எதுகை கச்சிதமாக விழுகிறது. வாயில் ஒட்டிக்கொள்கிறது, அவன் பையன் பாட்டாகவே பாடுகிறான். நீ படித்ததும் இதுதான் என்பாய், கையெழுத்துப் பத்திரிகைக் காலத்திலிருந்தே எதுகை என்றால் உனக்கு உயிர். எனக்கு அதிலேதான் சங்கடம். 2000-ல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், பலருக்கும் பழக்கமில்லாத பழமொழிகளை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஓசை இயைந்தது ஒன்று, அதே கருத்தை இயைபு இல்லாமல் சொன்னது ஒன்று. இயைந்து வந்ததே கூடுதல் உண்மையாக மனிதர்களுக்குப் பட்டதாம். அப்படியானால் பொய்யையும் எதுகை போட்டு உள்ளே அனுப்பிவிடலாமே, மாப்பிள்ளை! அதோடு, அவன் வரியில் 'முதலில்' காணாமல் போய்விட்டது. குறையும் சொல்வோம் என்றால் எப்போது சொல்வோம்? அட்வான்ஸ் வாங்கிய பிறகா? அப்பாவுக்கும்தான் கடைசியில் தெரியவந்தது.

அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். மற்றபடி உன் கத்தரிக்கு முழு உரிமை. 'சொல்வோம்' வேண்டுமா 'சொல்கிறோம்' வேண்டுமா என்று யோசித்துச் சொல். 'சொல்கிறோம்' என்றால் இன்றைக்கே செய்கிறோம் என்று வருகிறது, ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கொஞ்சம் இழுக்கிறது. பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பார். வீட்டில் என்ன என்று கேட்டால் என் பெயரைச் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், நெட்டையனுக்குத் தனியாக ஒரு வரி எழுது. எதுகை நன்றாக இருந்தது என்று சொல், உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னால் ஆறுதலுக்கு என்று நினைப்பான், நீ சொன்னால் நம்புவான்.

போர்டு எழுதுகிறவர் வெள்ளிக்கிழமை வருகிறார். பெயரை எழுதிவிட்டுக் கீழே இடம் விடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை