உன் கராஜில் கட்டிவைத்த கட்டை

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வீட்டை விற்றாயிற்று, ஆகஸ்ட் கடைசிக்குள் டல்லாஸ் போய்விடுவோம் என்று சொன்னபோது அம்மா அங்கே வெயில் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போனாள், எனக்கோ உன் கராஜில் மேலே குறுக்குச் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டிவைத்த, வில் செய்ய எடுத்துவைத்த கட்டையைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பழைய சாமானை எல்லாம் ஆள் வைத்து அள்ளிவிடப் போவதாகச் சொன்னாய். அதோடு அந்தக் கட்டையும் போய்விடக் கூடாது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் மே மாதப் புயலில் பின்பக்கத்து ஹேக்பெரி மரம் சாய்ந்து கிடந்த காலையில் நீ ஆபீஸ் அவசரத்தில் இருந்தாய். நான் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பட்டை முழுக்க மரு மருவாகத் தக்கை மாதிரிப் புடைத்து, தொட்டால் முதலைத் தோலைத் தொட்ட மாதிரி. அப்படி ஒரு பட்டையை மும்பை ரே ரோடு மரக்கடைகளில் இத்தனை வருஷம் மரம் பார்த்த நான் எங்கேயும் பார்த்ததில்லை. விறகுக்குத் துண்டு போட ஆள் வந்து நின்றபோதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியைத் தாண்டி வந்து, கிளை இல்லாமல் ஆறடிக்கு நேராக இருந்த இடத்தைக் காட்டி, இதில் வில் செய்யலாம் என்றார். என் இங்கிலீஷ் அரைகுறைதான், மரத்தைப் பற்றிப் பேச அது போதுமாக இருந்தது.

கான்சாஸில் வில் என்றால் எல்லோரும் ஓசேஜ் ஆரஞ்சு மரத்தைத்தான் தேடுவார்களாம், பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயருக்கே வில் மரம் என்றுதான் அர்த்தமாம். ஆனால் அதில் மேலே இருக்கும் வெள்ளையை எல்லாம் செதுக்கி எறிந்துவிட்டு, உள்ளே கெட்டியாக இருக்கும் வைரத்தில் ஒரே ஒரு வருஷ வளையத்தைப் பிடித்து முனைக்கு முனை அதை விடாமல் போக வேண்டும். ஹேக்பெரியில் அந்தப் பாடு இல்லை. பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளையே வில்லின் வெளிப்பக்கம், அதாவது இழுப்பவனுக்கு எதிர்ப்பக்கம். இதை அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. நாற்பது வருஷமாகத் தேக்கில் ஒரு ஓரம் வெள்ளை தெரிந்தாலும் பார்ட்டி வாங்க மாட்டான், பூச்சி அரிக்கும் என்று சீவி எறிந்தவன் நான். நம் ஊர்க் கோயில் கொடையில் பெரியப்பா வில்லுப்பாட்டுக்கு அடித்த வில்லு பனை வைரத்தில் செய்தது, பனைக்கும் மூங்கிலுக்கும் வைரம் வெளியே, மரத்துக்கு வைரம் உள்ளே என்று கேட்டு வளர்ந்தவன். வெள்ளையில் வில்லா என்று இருந்தது.

பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். டென்மார்க்கில் ஹோல்மகார்ட் என்ற சதுப்பு நிலத்தில் 1944-ல் கிடைத்த வில் எல்ம் மரத்தில் செய்தது, ஏறக்குறைய 9000 வருஷம் பழையது, அகலமும் தட்டையுமாக இருக்கும். ஹேக்பெரியையும் ரொம்ப காலம் எல்ம் குடும்பத்தில்தான் சேர்த்து வைத்திருந்தார்கள். இந்த மாதிரி மரத்துக்கு இழுவை தாங்கும் குணம் நன்றாக உண்டு, நசுங்குவதைத் தாங்குவதுதான் கொஞ்சம் குறைவு, அதனால் குறுகலாகவும் தடிமனாகவும் செய்யாமல் அகலமாகத் தட்டையாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

அன்றைக்கே ஆப்பு அடித்து நாலாகப் பிளந்தோம். லேசில் பிளக்கவில்லை, நடுவில் நார் விடாமல் இழுத்துப் பிடித்தது, கோடாரியால் வெட்டிவிட்டுக்கொண்டே போனோம். பட்டையோடு போட்டுவைத்தால் அந்த வெயிலுக்குப் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும் என்று அன்று சாயங்காலமே உரித்தோம். மே மாதம் என்பதால் மரத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, ஓர் ஓரத்தில் நெம்பியதும் வாழைப்பட்டை மாதிரி நீளமாகக் கழன்று வந்தது, அதற்கு அடியில் இருந்த பரப்பு ஈரமாக, வழுவழுப்பாக, யாரோ மெழுகு தேய்த்த மாதிரி. அதில் ஒரு கீறல்கூடப் போடாதே என்று பெரியவர் சைகையிலேயே சொன்னார். நாலு துண்டின் முனைகளுக்கும் பசை தடவி நிழலில் வைத்தோம்.

முதல் துண்டை நான் கெடுத்தேன். கை பழக்கம், அலை அலையாக இருந்த வெளிப்பக்கத்தை இழைப்புளி போட்டு மட்டமாக்கிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. 20 அங்குலம் இழுத்தபோது டிக்கென்று ஒரு சத்தம், அப்புறம் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு சிராய் எழும்பியது, அடுத்த இழுப்பில் இரண்டாகப் போய்விட்டது. வளையும்போது வெளிப்பக்கத்து நார் நீள வேண்டும், முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடினால்தான் அது நீளும், நான் அதை நடுநடுவே வெட்டிவிட்டிருந்தேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொன்றில் கணு இருந்தது, விட்டுவிட்டோம். மூன்றாவது இங்கே தாராவி வீட்டில் பரணுக்குக் கீழே தொங்குகிற என் வில். நாலாவது உன்னுடையது.

உனக்கு வேலை தெரியாது என்று நீ சொன்னாய். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, என் வில்லைச் சுவரில் மாட்டி நீ கயிறு இழுத்தாய், நான் எட்டி நின்று வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாதியும் சரியாக வருகிறது என்று நான் சொல்லும்போது நீ, ‘இல்லப்பா, வலது பக்கம் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி விறைப்பா நிக்குது’ என்றாய். கிட்டே போய்த் தடவிப் பார்த்தேன். அரை நூல் தடிமன் அங்கே கூடுதலாக இருந்தது, ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் கண்ணுக்குப் படாதது உன் கண்ணில் பட்டது. அந்தக் கண் இருந்தால் போதும், கைவேலை தானாக வரும்.

இனி வேலையைச் சொல்கிறேன். உன் கட்டையை 66 அங்குலத்துக்கு அறுத்துத்தான் வைத்திருக்கிறேன், உன் உயரத்துக்கு அது சரி. நடுவில் கைப்பிடிக்கு நாலு அங்குலம் விடு. அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு அங்குல அகலம் பாதி தூரம் வரை அப்படியே போகட்டும், பிறகு முனையில் நாலு நூல் வரும்படிக் குறைத்துக்கொண்டு போ. எடுப்பதெல்லாம் உன்னைப் பார்க்கும் உள்பக்கத்தில்தான். தரையில் ஊன்றி அழுத்தி, இரண்டு பாதியும் லேசாக வளையத் தொடங்கும்வரை அரத்தால் எடு, பிறகு நீளக் கயிறு போட்டுச் சுவரில் மாட்டு. விறைப்பாகத் தெரியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோடு அழியும் அளவுக்கு மட்டும் சுரண்டு, மறுபடி மெதுவாக முப்பது தடவை இழுத்துவிட்டுப் பார். எடுத்தது மரத்துக்குத் தெரிய அந்த முப்பது இழுப்பு வேண்டும், அதை மட்டும் அவசரப்பட்டுக் குறைத்துவிடாதே. உனக்கு 40 பவுண்டு இழுவிசை போதும், எந்தக் கட்டத்திலும் கயிற்றில் மாட்டிய தராசு 40-ஐத் தாண்டும்படி இழுக்காதே. இழுப்பு நீளம் வராமலே 40 வந்துவிட்டால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் சுரண்டு. 28 அங்குலம் வரை இப்படியேதான்.

ஓரளவு வளைவு வந்ததும் உள்பக்கத்தை மட்டும் சூட்டுக் காற்று மெஷினால் நிதானமாகச் சுட்டு, வறுத்த நிலக்கடலைத் தோல் நிறம் வரும்வரை நகர்த்திக்கொண்டே போ. நசுங்குவதைத் தாங்கும் வலு அதில்தான் கூடுகிறது. சுட்டபின் நாலைந்து நாள் தொடாதே, காற்றில் இருக்கும் ஈரத்தை அது திரும்பக் குடிக்கட்டும், சூட்டோடு வளைத்தால் ஒடியும். உள்பக்கத்தில் குறுக்கே மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் நசுங்குகிறது என்று அர்த்தம், அதன் இரண்டு பக்கமும் எடுத்து வளைவைப் பரப்பிவிடு. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது, பாப்பா கேட்டாலும் விடாதே. வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடு.

இங்கே ஜூலை மழையில் என் வில் ஈரம் குடித்துச் சொத சொதவென்று ஆகிவிடுகிறது, நாணேற்றினால் வளைந்தபடியே நின்றுவிடும் என்பதால் தீபாவளி வரை தொடமாட்டேன். உங்கள் ஊர்க் காற்றுக்கு உன் கட்டை நன்றாகக் காய்ந்திருக்கும்.

நான் கிளம்பும்போது சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 2 கிலோ 610 கிராம். ஒரு முனையில் ‘வே’ என்று பென்சிலால் எழுதியிருப்பேன், அது மரத்தின் வேர்ப்பக்கம், அந்தப் பக்கம் கீழே வரும்படி வைத்துக்கொள். இன்று ராத்திரி அதை இறக்கி எடை போட்டு எவ்வளவு இருக்கிறது என்று சொல். ஒரு வாரம் கழித்து மறுபடி போடு, அதே எடை நின்றால் ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம், வேலையைத் தொடங்கலாம்.

அப்பா